கழல மறுக்கும் மூட்டுகள்: காரின் முன்பகுதியைப் பழுதுபார்ப்போர் அறிய வேண்டியவை

தோட்டப்புறங்களில் இன்று கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், முதியோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், பட்டணத்துச் சந்தைக்குச் சென்று வரவும் அது தேவைப்படுகிறது. ஆயினும், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் உள்ள கார்களிற் பல, பிறர் பல்லாண்டுகள் ஓட்டிய பின்னர் வாங்கப்பட்டவையே. பழைய வண்டிக்குப் பழுது அடிக்கடி வருவது இயல்பு. ஒவ்வொரு பழுதுக்கும் பட்டறைக்குச் சென்றால் மாத வருமானத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். ஆகவே, வீட்டு வாசலிலேயே சிறு பழுதுகளைச் சீர்செய்துகொள்ளும் பழக்கம் நம்மிடையே வளர்ந்திருக்கிறது. இது பாராட்டத்தக்கதே.

எண்ணெய் மாற்றுவது, தீப்பொறிச் செருகியை மாற்றுவது போன்ற வேலைகளில் தவறு நேர்ந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. ஆனால் முன்சக்கரங்களைத் தாங்கும் மூட்டுகளிலும் அவற்றைத் திருப்பும் மூட்டுகளிலும் தவறு நேர்ந்தால், ஓடும் வண்டியின் சக்கரம் கட்டுப்பாட்டை இழந்துவிடும். அவ்வண்டியில் அமர்ந்திருப்போர் நம் மனைவி மக்களே என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இம்மூட்டுகளை மாற்ற முனைவோரைப் பெரிதும் சோதிப்பது, பழைய மூட்டு இடத்தை விட்டு அசைய மறுப்பதாகும். நட்டைக் கழற்றிய பின்னரும் மூட்டு பிரிவதில்லை. அவ்வேளையிற் பொறுமை இழந்து, கையில் அகப்பட்டதைக் கொண்டு அடிப்பதால் நல்ல பாகங்களும் கெடுகின்றன, கைகளும் காயப்படுகின்றன. இறுகிய மூட்டு ஏன் இறுகியது என்பதை அறிந்துகொண்டால், அதனைக் கழற்றும் வழியும் தானே விளங்கும்.

மூட்டுகளின் பணி

நம் தோளெலும்பிற் கையெலும்பின் தலை பந்துபோல் அமர்ந்து எல்லாத் திசைகளிலும் திரும்புகின்றதல்லவா? காரின் முன்சக்கரமும் அதுபோன்ற மூட்டுகளினாலேயே அசைகிறது. பட்டறைகளில் இதனை 'பால் ஜாயிண்ட்' என்பர். பந்து மூட்டு என்று நாம் அழைக்கலாம். ஓர் எஃகுக் கிண்ணத்தினுள் எஃகுப் பந்து ஒன்று அமர்ந்திருக்கும். அப்பந்திலிருந்து ஒரு தண்டு வெளியே நீண்டிருக்கும். கிண்ணத்தின் வாயை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். அதனுள்ளே மசகுக் கொழுப்பு நிறைந்திருக்கும்.

முன்பகுதியில் இருவகைப் பந்து மூட்டுகள் முக்கியமானவை. ஒன்று, சக்கரத்தைத் தாங்கி நிற்கும் கீழ்க்கையின் முனையில் இருப்பது. பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது இதுவே அசைந்து கொடுக்கிறது. மற்றொன்று, ஓட்டுநர் திருப்பும் திசையைச் சக்கரத்துக்கு எடுத்துச் செல்லும் இழுகோலின் முனையில் இருப்பது. இதனை 'டை ராட் எண்ட்' என்று உதிரிப்பாகக் கடைகளிற் கேட்டால் தருவார்கள். முதலாவது முறிந்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ மடிந்துவிடும். இரண்டாவது கழன்றால், ஓட்டுநர் எத்திசையில் திருப்பினாலும் அச்சக்கரம் அவர் சொற்படி கேளாது.

தோட்டத்துச் செம்மண் சாலைகள் இம்மூட்டுகளுக்குப் பகையாகும். மழைக்காலத்துச் சேறு ரப்பர் உறையின் மீது படிந்து காய்கிறது. உறையில் வெடிப்பு ஏற்பட்டால் நீரும் நுண்மணலும் உள்ளே புகுந்து, கொழுப்புடன் கலந்து, பந்தையும் கிண்ணத்தையும் அரம்போல் அராவிவிடும். உறை கிழிந்த மூட்டின் ஆயுள் குறுகிவிட்டது என்றே கொள்ளுதல் வேண்டும்.

தேய்மானத்தை அறியும் முறை

மேடு பள்ளங்களில் 'டொக், டொக்' என்ற ஒலி கேட்பது, நேரான சாலையில் வண்டி ஒருபுறமாக இழுப்பது, டயரின் ஒரு விளிம்பு மட்டும் விரைவில் தேய்வது ஆகியன தேய்மானத்தின் அறிகுறிகள். உறுதி செய்துகொள்ள, முன்சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்திப் பாதுகாப்பாகத் தாங்கி வையுங்கள். கடிகார முகத்திற் போல, சக்கரத்தின் 3 மணி, 9 மணி இடங்களில் இரு கைகளையும் வைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தளர்ச்சி தெரிந்தால் இழுகோல் முனையிற் பெரும்பாலும் குறை இருக்கும். 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து அசைக்கும்போது தளர்ச்சி தெரிந்தால், கீழ்க்கையின் பந்து மூட்டோ சக்கரத்தின் உருளைத் தாங்கியோ தேய்ந்திருக்கலாம். ஒருவர் அசைக்க, மற்றொருவர் கைவிளக்கைக் கொண்டு மூட்டை உற்றுநோக்கினால் எது அசைகிறது என்பது விளங்கிவிடும்.

மூட்டு ஏன் இறுகுகிறது?

மூட்டின் தண்டைக் கூர்ந்து பார்த்தால் அது நேரான உருளை அன்று. ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் இருக்கும் கூம்பு என்பதைக் காணலாம். அத்தண்டு நுழையும் கண்ணும் அதே சரிவில் குடையப்பட்டிருக்கும். தண்டின் சிறுத்த முனையில் மரை இருக்கும். அதில் நட்டை முறுக்கும்போது, கூம்பு கண்ணுக்குள் இழுக்கப்பட்டு ஆப்புப்போல் இறுகிக்கொள்கிறது.

நாம் நாள்தோறும் கையாளும் பிக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காம்பு ஒரு முனையிற் பருத்திருக்கும். காம்பை மேலிருந்து செருகி வீசி வெட்ட வெட்ட, இரும்புத் தலை காம்பின் பருத்த பகுதியில் மேலும் மேலும் இறுகுகிறதேயன்றிக் கழன்று பறப்பதில்லை. அங்கே நட்டும் இல்லை, ஆணியும் இல்லை. சரிவே பிடித்து நிற்கிறது. காரின் மூட்டும் அத்தகையதே.

இம்மூட்டுகளின் கூம்பு வழக்கமாக 8-க்கு 1 அல்லது 10-க்கு 1 என்ற சரிவில் அமைந்திருக்கும். அஃதாவது, 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் மாறும். நடுக்கோட்டிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்தின் சாய்வும் 3 அல்லது 3½ பாகையே. உலர்ந்த எஃகின் மீது எஃகு தானே நழுவ வேண்டுமானால், சாய்வு இதனைப்போல் இரு மடங்குக்கு மேல் இருத்தல் வேண்டும். ஆகவேதான், நட்டை முழுவதும் கழற்றிய பின்னரும் கூம்பு தன் பிடியை விடுவதில்லை. மூட்டைப் பிடித்திருப்பது நட்டு அன்று, கூம்பே. நட்டின் பணி கூம்பை உள்ளே இழுப்பதும், அது பின்வாங்காமல் காப்பதுமேயாகும்.

இத்துடன் துருவும் சேர்ந்துகொள்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. பெருகுவதற்கு இடமில்லாத மரைகளுக்கிடையே துரு பிடித்தால், அது தானும் ஓர் ஆப்பாகி நட்டையும் தண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடும்.

எனவே நம் முன் இருப்பவை இரு வேறு பிடிகள்: மரையிலுள்ள துருவின் பிடி, கூம்பிலுள்ள சரிவின் பிடி. முதலாவதற்கு எண்ணெயும் பொறுமையும் மருந்து. இரண்டாவதற்கு அழுத்தமும் அதிர்ச்சியும் மருந்து. ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்கு அளிப்பதாலேயே பலர் வீணே களைத்துப் போகின்றனர். கூம்பின் மீது எத்தனை முறை எண்ணெய் தெளித்தாலும், இறுகிய அந்தப் பரப்புகளுக்கிடையே அது புகுவது அரிது.

தொடங்குமுன் பாதுகாப்பு

வேலை செய்யும் இடம் சமதரையாக இருத்தல் வேண்டும். மண் தரையாயின், ஜாக்கியின் அடியிலும் தாங்கு கால்களின் அடியிலும் தடித்த பலகை இடுங்கள். இல்லையேல், சுமை ஏறியதும் அவை மண்ணில் ஒருபுறமாகப் புதைந்து சாயும். கைத்தடையை இழுத்துவிட்டு, பின்சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு அன்று. தூக்கியதும், வண்டியின் உறுதியான அடிச்சட்டத்துக்குக் கீழே இரும்புத் தாங்கு கால்களை நிறுத்தி, வண்டியை அவற்றின் மீது இறக்குதல் வேண்டும். செங்கல்லையோ, துளையுள்ள சிமெண்டுக் கல்லையோ ஒருபோதும் அடுக்காதீர்கள். அவை முன்னறிவிப்பின்றி ஒரு நொடியில் நொறுங்கக் கூடியவை. நாம் செய்யப்போவது சுத்தியல் வேலை. ஒவ்வோர் அடியும் வண்டியைக் குலுக்கும். தாங்கு கால்கள் இல்லையெனில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டா. இரவல் வாங்கியேனும் அவற்றைக் கொண்டுவந்த பின்னரே தொடங்குங்கள்.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். துருத் துகளும் எஃகுச் சிதறலும் கண்ணிற் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். சிறுவர்களை அருகில் நிற்கவிடாதீர்கள்.

சுருள்வில்லைக் கவனியுங்கள்

எந்தக் காரிலும் மூட்டைப் பிரிக்குமுன், சுருள்வில் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், 2005-இல் வந்த மைவி ஆகியவற்றின் முன்பகுதியில், சுருள்வில்லும் அதிர்வடக்கியும் ஒன்றாகச் சேர்ந்து நெடிய தூணாக நிற்கும். ஏர்ல் மேக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் இதனை மேக்பர்சன் அமைப்பு என்பர். இதில் சுருள்வில் தூணிலேயே சிறைப்பட்டிருப்பதால், கீழ் மூட்டைப் பிரிக்கும்போது வில் தெறித்து வெளியேறாது. ஆயினும், இரு சக்கரங்களையும் இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பி கீழ்க்கையை வலிந்து தள்ளக்கூடும். முன்சக்கரங்கள் இரண்டையும் உயர்த்தி வைத்தால் அந்த வலிமை தணியும்.

வேறு சில கார்களிலும் வேன்களிலும் சுருள்வில் நேரே கீழ்க்கையின் மீது அமர்ந்திருக்கும். அத்தகைய வண்டியில் பந்து மூட்டே வில்லின் முழு வலிமையையும் தடுத்து நிற்கிறது. தாங்கல் கொடாமல் மூட்டைப் பிரித்தால், கீழ்க்கை பெருவேகத்துடன் அடித்து இறங்கும். வில் பறந்து வந்து உயிருக்கே உலை வைக்கும். இவ்வமைப்புடைய வண்டியை வீட்டிற் பிரிக்காது, தக்க கருவிகளுள்ள பட்டறையிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

முதற்படி: நட்டைக் கழற்றுதல்

வேலைக்கு முந்திய நாள் மாலையிலேயே ஆயத்தம் செய்யுங்கள். கம்பித் தூரிகையால் மரையிலுள்ள மண்ணையும் துருவையும் தேய்த்து அகற்றி, ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் ஒருமுறை தெளியுங்கள். ஓரிரவுப் பொறுமை ஒருநாள் போராட்டத்தை மிச்சப்படுத்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இயற்கை ரப்பர் எத்தகைய பொருள் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? நாம் வெட்டிச் சேர்க்கும் பாலே, கீழ்க்கையின் மறுமுனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களாகவும், பொறியைத் தாங்கும் மெத்தைகளாகவும் உருமாறி வருகிறது. திரும்பத் திரும்ப வளைந்தாலும் எளிதில் வெடிக்காத தன்மை இயற்கை ரப்பருக்கு உண்டு. அதனாலேயே அது இவ்வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கனிம எண்ணெய்களும் அதற்குப் பகை. அவை பட்டால் ரப்பர் உப்பி, மென்மையாகி, வலுவிழந்துவிடும். ஆதலால், எண்ணெயை மரையில் மட்டும் தெளியுங்கள். ரப்பர் பாகங்களைத் துணியால் மூடிவையுங்கள். பட்டுவிட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

நட்டில் கோட்டைச் சுவர்போல் வெட்டுகள் இருந்தால், அவற்றினூடே ஒரு பிளவு ஊசி செருகப்பட்டிருக்கும். அதன் கால்களை நேராக்கி, இடுக்கியாற் பிடித்து உருவுங்கள். பின்னர், நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஆறுமுகக் குழாய் ஸ்பானரைக் கொண்டு கழற்றுங்கள். அளவு பொருந்தாத ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

சில வேளைகளில் நட்டைத் திருப்பும்போது, கூம்புத் தண்டும் உடன் சேர்ந்து சுழலும். கூம்பின் பிடி தளர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். அப்போது, பந்து இருக்கும் பக்கத்திலிருந்து மூட்டைக் கண்ணை நோக்கி அழுத்துதல் வேண்டும். பந்து கீழ்ப்புறம் இருந்தால் சிறிய ஜாக்கி ஒன்றை அடியில் வைத்து மெல்ல உயர்த்தலாம்; வண்டி தாங்கு காலை விட்டு எழும் அளவுக்கு உயர்த்தலாகாது. அழுத்தம் கிடைத்ததும் கூம்பு மீண்டும் பிடித்துக்கொள்ளும். நட்டு தனியே திரும்பும். சில தண்டுகளின் முனையில் ஆறுகோணக் குழி இருக்கும். அதில் உரிய சாவியைச் செருகித் தண்டைப் பிடித்துக்கொண்டும் நட்டைக் கழற்றலாம்.

நட்டை முழுவதும் அகற்றிவிடாதீர்கள். கூம்பு சற்று இறங்குவதற்கு இடம்விட்டு, மூன்று நான்கு மரைகளில் அது நிற்கட்டும். கூம்பு திடீரென விடுபடும்போது கீழ்க்கை அடித்து இறங்காமல் அந்த நட்டு தடுத்துவிடும்.

இரண்டாம் படி: கூம்பைப் பிரித்தல்

இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, திருகு கழற்றி. ஒருபுறம் கவைபோன்ற கால்களும் மறுபுறம் ஒரு திருகாணியும் உடைய இக்கருவி உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கும். கவை கண்ணைப் பற்றிக்கொள்ளும். திருகாணி தண்டின் முனையை அழுத்தும். கருவி நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சிறிது சிறிதாக முறுக்குங்கள். நல்ல இறுக்கம் வந்ததும் மேலும் வலிந்து முறுக்காது நிறுத்திவிட்டு, கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓரிரு அடிகள் கொடுங்கள். 'டக்' என்ற உரத்த ஒலியுடன் கூம்பு விடுபடும். அவ்வொலி கேட்டு அஞ்ச வேண்டா. அதுவே வெற்றியின் அறிகுறி. முறுக்கிய நிலையில் கருவிக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்; அது நழுவித் தெறிக்கக்கூடும். ரப்பர் உறையைக் கெடுக்காமல் மூட்டைக் கழற்ற இம்முறையே சிறந்தது.

இரண்டாவது, இரு சுத்தியல் முறை. கண்ணின் ஒருபுறம் கனமான சுத்தியலொன்றை அணைத்துப் பிடித்து, மறுபுறத்தில் மற்றொரு சுத்தியலால் ஓங்கி அடித்தல் வேண்டும். அந்த நொடியில் கண்ணின் வட்டம் மிகச் சிறிதளவு நீள்வட்டமாகிப் பின் மீளும். அவ்வதிர்ச்சியிற் கூம்பின் பிடி விடுபடும். அடி விழ வேண்டிய இடம் கண்ணைச் சுற்றியுள்ள தடித்த எஃகே அன்றி, தண்டின் முனை அன்று. தண்டின் மீது அடித்தால் அதன் மரை காளான்போல் விரிந்து, பின்னர் நட்டும் கழலாது, தண்டும் கண்ணினூடே வெளிவராது. வேகத்தடைக் குழாயின் மீதும் மின்கம்பிகள் மீதும் சுத்தியல் படாதவாறு காத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தாங்கும் பாகம் அலுமினியத்தால் ஆனதாயின் இம்முறையைக் கையாளவே கூடாது; அது வெடித்துவிடும். காந்தம் ஒட்டாவிட்டால் அஃது அலுமினியம் என அறிக.

மூன்றாவது, கவைக் கருவி. ஆப்பு வடிவில் இரு விரல்களுடைய இதனைப் பந்து மூட்டுக்கும் கண்ணுக்கும் இடையே செருகிச் சுத்தியலால் அடித்து இறக்குவர். விரைவில் வேலை முடியும். ஆனால் ரப்பர் உறை கட்டாயம் கிழியும். மூட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது போடும்போது மட்டும் இதனைப் பயன்படுத்தலாம். வேறு வேலைக்காக நல்ல மூட்டைப் பிரிக்கும்போது இதனைத் தொடவே வேண்டா.

தீயை நாடாதீர்கள்

எரிவாயுத் தீயால் சுட்டால் கண் விரிந்து மூட்டு கழலும் என்று சிலர் அறிவுரை கூறுவர். 15 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகுக் கண்ணை 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்றினால், துளை விரியும் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவே. தண்டும் சேர்ந்து சூடேறினால் அப்பயனும் இல்லை. ஆனால் கேடுகளோ பல. ரப்பரும் கொழுப்பும் தீப்பற்றும். மூடிய மூட்டினுள் கொழுப்பு கொதித்து மூட்டே வெடிக்கலாம். வேகத்தடைக் குழாய் உருகலாம். அளவுக்கு மீறிச் சூடேறிய எஃகு தன் உறுதியை இழந்து, பின்னொரு நாள் நெடுஞ்சாலையில் முறியலாம். ஆகவே, வீட்டு வேலையில் தீ வேண்டா.

கூம்பில்லாத மூட்டுகள்

சில கார்களில் கீழ் மூட்டின் தண்டு கூம்பாக இராது. நேரான உருளையாக இருந்து, பிளவுபட்ட கவ்வியினுள் நுழைந்திருக்கும். அதனைக் குறுக்கே ஒரு போல்ட்டு இறுக்கும். இங்கே போல்ட்டை முற்றிலும் கழற்றி உருவுதல் வேண்டும். தண்டிலுள்ள பள்ளத்தினூடே அது செல்வதால், அஃது இருக்கும்வரை தண்டு வெளிவராது. பின்னர்ப் பிளவில் எண்ணெய் தெளித்து ஊறவிட்டு, தட்டையான உளியொன்றை மெல்லச் செருகிச் சற்றே விரித்து, கீழ்க்கையைக் கீழ்நோக்கி அழுத்தினால் தண்டு இறங்கிவிடும். பிளவை மிகுதியாக விரித்தால் கவ்வி வெடித்துவிடும், கருத்தோடு செயற்படுக.

இழுகோல் முனையைக் கழற்றும்போது

இழுகோல் முனைக்குக் கூம்பின் பிடியுடன் மற்றொரு பிடியும் உண்டு. அதன் பின்புறம் மரையால் இழுகோலில் முறுக்கப்பட்டு, ஒரு பூட்டு நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். கூம்பைப் பிரிக்குமுன்னரே இப்பூட்டு நட்டைத் தளர்த்திக்கொள்ளுதல் நலம். பிரித்த பின் இழுகோல் ஆடுவதால் பிடிமானம் கிடைக்காது. ஒரு ஸ்பானரால் இழுகோலைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள். இல்லையேல், முறுக்கு உள்ளே உள்ள மூட்டையும் அதன் ரப்பர் உறையையும் திருகிவிடும்.

முனையைக் கழற்றுமுன் அது எத்தனை மரை உள்ளே நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சாயத்தால் மரையில் ஓர் அடையாளம் இடுங்கள். கழற்றும்போது முழுச் சுற்றுகளை எண்ணித் தாளில் எழுதிவையுங்கள். புதிய முனையை அதே எண்ணிக்கையில் முறுக்குங்கள். பல கார்களில் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தும். அது டயரின் விளிம்பில் மேலும் பெருகிச் சக்கரத்தின் நேர்நிலையைக் கெடுத்துவிடும். நேர்நிலை கெட்டால் புதிய டயர்கூடச் சில மாதங்களில் தேய்ந்துவிடும். மழைச்சாலையில் வண்டியும் நிலையாக ஓடாது.

மீண்டும் பொருத்துதல்

கழற்றுவதைவிடப் பொருத்துவதிலேயே மிகுந்த கவனம் தேவை. பழைய கூம்பு இருந்த கண்ணைத் துணியாலும் மெல்லிய தூரிகையாலும் நன்கு துடையுங்கள். கண்ணில் வெடிப்போ, நீள்வட்டத் தேய்வோ காணப்பட்டால் அப்பாகத்தையே மாற்றுதல் வேண்டும். கூம்பிலும் கண்ணிலும் எண்ணெயோ கொழுப்போ பூசாதீர்கள். உலர்ந்த பரப்பே பிடிப்பைத் தருகிறது.

பூட்டும் தன்மையுள்ள நட்டாயின் ஒருமுறை கழற்றியதை மீண்டும் பயன்படுத்தாது, புதியதைப் போடுங்கள். அக்காரின் கையேட்டில் குறிக்கப்பட்ட அளவுக்கு, அளவு காட்டும் முறுக்குச் சாவியால் இறுக்குங்கள். பிளவு ஊசித் துளை நட்டின் வெட்டுக்கு நேராக அமையாவிட்டால், அடுத்த வெட்டு வரும்வரை சற்றுக் கூடுதலாக இறுக்குதல் வேண்டுமேயன்றி, ஒருபோதும் தளர்த்துதல் கூடாது. ஊசியும் புதியதாகவே இருத்தல் வேண்டும். சில சென்கள் பெறும் அந்த ஊசியே நட்டு கழலாமல் காக்கும் இறுதிக் காவலாகும். அதற்குப் பதிலாகக் கம்பித் துண்டைச் செருகுவது பெருந்தவறு.

வேலை நடைபெறும்போது சக்கரம் தாங்கும் பாகத்தை வேகத்தடைக் குழாயில் தொங்கவிடாதீர்கள். கயிற்றாற் கட்டி நிறுத்துங்கள். முன்சக்கரங்களால் இயங்கும் காரில் அதனை வெளிப்புறமாக மிகுதியாக இழுத்தால், இயக்குத் தண்டின் உள்மூட்டு கழன்றுவிடும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

வண்டியைத் தரையில் இறக்கிச் சக்கர நட்டுகளை இறுக்கிய பின்னர், தோட்டத்துச் சாலையிலேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு நட்டையும் ஊசியையும் மீண்டும் பார்வையிடுங்கள். பின்னர்ப் பட்டணம் சென்று சக்கரங்களின் நேர்நிலையைக் கருவியாற் சோதித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். சுற்றுகளை எண்ணிப் பொருத்தியது அதுவரை ஓட்டிச் செல்வதற்கே போதுமானது.

எங்கே நிறுத்துவது?

தொழில் தெரிந்தவர் என்பதற்கு அடையாளம் எல்லாவற்றையும் தாமே செய்வதன்று. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதாகும். சுருள்வில் கீழ்க்கையில் அமர்ந்துள்ள வண்டி, அலுமினியப் பாகத்தில் இறுகிய மூட்டு, ஆணியறைந்தோ அழுத்தியோ கீழ்க்கையுடன் பிணைக்கப்பட்ட மூட்டு, தண்டு முறிந்து கண்ணுள் சிக்கிய மூட்டு ஆகியவை பட்டறைக்கு உரியவை. திருகு கழற்றியும் இரு சுத்தியல் முறையும் சேர்ந்து நியாயமான முயற்சிக்குப் பின்னும் பயன்தராவிட்டால், அடியின் வலிமையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். எல்லாவற்றையும் முன்போல் இறுக்கி, புதிய ஊசி செருகி, மூட்டு முறியும் நிலையில் இல்லையெனில் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லுங்கள். ஐயமிருப்பின் இழுவை வண்டியை அழையுங்கள். இழுவைக் கூலி ஓர் உயிரின் விலையைவிடக் குறைவு.

கைத்திறனும் எதிர்காலமும்

இத்தகைய வேலைகளைச் செய்து பழகிய இளைஞர்கள் நம் தோட்டங்களிற் பலர் உள்ளனர். அண்டை வீட்டாரின் வண்டிகளையும் அவர்களே சீர்செய்து தருகின்றனர். அத்திறனைச் சான்றிதழாக மாற்றிக்கொள்ள நம் நாட்டில் வழி உண்டு. மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். தொழிற்பயிற்சிக் கழகங்களிற் பயின்று இதனைப் பெறலாம். முன்னரே வேலை அனுபவம் உள்ளவர், அவ்வனுபவத்துக்குரிய சான்றுகளைக் காட்டி மதிப்பீடு பெறும் முறையும் உண்டு. பால்வெட்டும் கத்தியைக் கூர்மையாக, மரத்தைக் காயப்படுத்தாமல், பட்டையின் ஆழமறிந்து பயன்படுத்தும் கைக்கு, எஃகின் இயல்பறிந்து வேலை செய்வதும் அரிதன்று.

மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுப்பதே நல்ல வெட்டு. அதுபோல், நல்ல பாகங்களைக் கெடுக்காமல் தேய்ந்ததை மட்டும் நீக்குவதே நல்ல பழுதுபார்ப்பு. இறுகிய மூட்டு நம் வலிமையைச் சோதிப்பதாகத் தோன்றினும், உண்மையில் அது சோதிப்பது நம் அறிவையும் பொறுமையையுமே. அதன் பிடி எங்கே உள்ளதென்று அறிந்து, அவ்விடத்தில் உரிய முறையிற் செயற்படுவோமாக. நம் குடும்பத்தாரை ஏற்றிச் செல்லும் வண்டியைப் பத்திரமாக ஓடச் செய்வோமாக.